மான் தின்ற அறிவித்தல்

“யானைக்குட்டி ஏன் அழுதது?” என்று கேட்டுவிட்டுப் பாயில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன்.

முன்னால் இருந்த கவினின் வாய் மெல்லத் திறந்தது. உள்ளே ஏதோ ஒரு பதில் புறப்பட்டுவிட்டது என்பது அவன் கண்ணில் தெரிந்தது. புருவம் ஏறியது. ஒரு கை பாதி உயரம் வரை வந்தது. அந்தப் பதில் நாக்கு நுனிக்கு வந்து சேர்வதற்குள், பின்னால் பெற்றோர் இருந்த கதிரைகளின் பக்கமிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

“அது தாயைத் துலைச்சிட்டுது, மிஸ். சொல்லுங்கோ கவின். தாயைத் துலைச்சிட்டுது.”

“தாயைத் துலைச்சிட்டுது,” என்றான் கவின். கை இறங்கியது. கண்ணில் இருந்த வெளிச்சமும் போய்விட்டது.

பதில் சரிதான். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவன் சொல்ல வந்தது அதுவல்ல. கதை முடிந்த பிறகு அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, முதலில் என்ன சொல்ல வந்தனீங்கள் என்று இரகசியமாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, மறந்துபோச்சு என்றான்.

அந்த மறந்துபோன பதிலை நினைத்துக்கொண்டே அன்று அன்புவழிபுரம் வரை சைக்கிள் மிதித்தேன். தும்பிக்கைக்குள் எறும்பு போயிருக்குமோ? காது கூசியிருக்குமோ? அழுது பார்க்க ஆசையாக இருந்ததால் சும்மா அழுததோ? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதுதான் அந்த யோசனை வந்தது. இத்தனை வாரமும் நான் பாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பார்க்க வேண்டியது கதிரைகளை.

கதிரைப் பக்கம்

நான் இந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: பட்டம் முடித்து வீட்டில் இருந்த எங்களுக்குப் பயிலுநர் என்று பெயர் சூட்டி அலுவலகம் அலுவலகமாகப் பிரித்து அனுப்பினார்கள். என் பங்குக்கு வந்தது துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு சிறிய கிளை நூலகம். வேலை இல்லாத பயிலுநரை ஒரு மூலையில் இருத்தி வைத்தால் என்ன நடக்கும்? அவள் எதையாவது தொடங்குவாள். நான் சனிக்கிழமைக் காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினேன்.

எங்கள் நூலகர் மனோ மிஸ் மறுக்கவில்லை. பத்திரிகை வாசிக்க வரும் ஐயாமாருக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது, வெளிக் கேற்றைச் சாத்த மறக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். கேற் திறந்திருந்தால் மான் வந்துவிடும்.

வெளியூர் வாசகர்கள் இதைப் பகிடி என்று நினைக்க வேண்டாம். வேறு ஊர்களில் தெருமாடு செய்யும் வேலையைத் திருகோணமலையில் மானும் சேர்ந்து செய்யும். பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல், சுவரில் ஒட்டிய விளம்பரம், நீங்கள் கையில் பிடித்திருக்கும் பணிஸ், எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

சரி, கதிரைகளுக்கு வருகிறேன்.

வசந்தி டீச்சர் கவினின் அம்மா. கிழமை நாட்களில் ஆசிரியை. சனிக்கிழமையும் ஆசிரியைதான். நான் புத்தகத்தைத் திறந்ததும், “எல்லாரும் வாயில விரல்,” என்பார். அத்தனை பிள்ளைகளும் உடனே வாயில் விரலை வைத்துவிடுவார்கள். பிறகு நான் காகம் எப்படிக் கத்தும் என்று கேட்பேன். பிள்ளைகள் விரலுக்குப் பின்னாலிருந்து என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

ரவி அண்ணா துவாரகனின் அப்பா. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் இரவுக் காவல் முடித்து, மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே வருவார். அலுமாரியில் தலையைச் சாய்த்தவுடன் குறட்டை தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு அதில் குறையில்லை. கதையில் கரடி வந்தால் எல்லாத் தலைகளும் ஆசையோடு அவர் பக்கம் திரும்பும்.

மற்றவர்கள் மெல்லக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். மெல்ல என்பது அவர்களுடைய கணக்கு. மீன் விலை, ரியூசன், யாருக்கோ பேசிவந்த சம்பந்தம். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் ஊரில் கதிரைகளை வரிசையாகப் போட்டால், அது கலியாண வீடானாலும் செத்த வீடானாலும், பக்கத்துக் கதிரையோடு ஒரு வார்த்தை கதைக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். வரிசையாகப் போட்டவள் நான்.

இனிச் சிபானா ராத்தா. முஸ்லிம் அக்காமாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மூதூரில் பிறந்து, இப்போது நகரத்தில் வாடகைக்கு இருப்பவர். மகள் அம்னா, முன்பள்ளிக்குப் போகும் வயது. பாயின் ஓரத்தில் தாயின் காலோடு ஒட்டிக்கொண்டிருப்பாள். நான் எது கேட்டாலும், “சொல்லுங்க மகள், சொல்லுங்க,” என்று தாயின் குரல் வரும். அம்னா சட்டைக் கழுத்தை இழுத்து வாய்க்குள் போட்டுக்கொள்வாள்.

ராத்தாவின் கையில் போன் எந்நேரமும் உயர்ந்தபடி இருக்கும். மற்றப் பெற்றோரின் போன்கள் என்னையும் படங்களையும் எடுக்கும். இந்தப் போன் அம்னாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். சூரியகாந்தி மாதிரி அந்தப் பிள்ளை திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பும். எனக்குக் கூடுதலாக எரிச்சல் தந்தது அந்தப் போன்தான்.

அம்மாவின் உதடு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும்.

ஆரம்ப வகுப்பில் படிக்கும்போது நான் ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனேன். மரம் வளர்ப்பதைப் பற்றிய பேச்சு. எழுதியது அம்மா. பாடமாக்க வைத்தது அம்மா. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே, எந்தச் சொல்லில் என் வலது கை உயர வேண்டும் என்று தீர்மானித்ததும் அம்மாதான்.

மேடையில் ஏறினேன். முன்வரிசையில் அம்மா. “பெருமதிப்புக்குரிய” என்று நான் தொடங்க, அம்மாவின் உதடும் தொடங்கியது. சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. எனக்கு மண்டபம் தெரியவில்லை. நடுவர்கள் தெரியவில்லை. அம்மாவின் உதட்டை வாசித்துக்கொண்டே போனேன். நடுவில் பக்கத்தில் இருந்த அன்ரி எதையோ கேட்க, அம்மா திரும்பினார். உதடு போய்விட்டது. என் பேச்சும் நின்றுவிட்டது.

வலது கை மட்டும் தூக்கியபடி இருந்தது. சபை கைதட்டியது. அது முடிவென்று நினைத்துவிட்டார்கள்.

அண்மையில் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் செய்தனீங்கள் என்று. தான் அப்படிச் செய்தது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. “நான் வாயே திறக்கேல்லையடி,” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அப்படிச் சொல்லும்போது அவர் அக்காவின் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை வாயைத் திறக்க, அம்மாவின் வாயும் ஆவென்று திறந்தது. குழந்தை மெல்ல, அம்மாவும் வெறும் வாயை மென்றார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கதிரைகளின் விஷயம் பாதி அங்கேயே விளங்கிவிட்டது. சோறு ஊட்டும்போது வாய் தானாகத் திறப்பதுபோலத்தான் இதுவும். அவர்களுக்கே தெரியாத ஒன்றை எப்படி நிறுத்தச் சொல்வது?

யன்னல் இடுக்குகள்

அதிலும் நான் எல்லாரையும்விட இளையவள். அக்கா, அண்ணா, ராத்தா, டீச்சர் என்று கூப்பிடும் ஆட்களைப் பார்த்து வாயை மூடுங்கோ என்று சொல்ல என்னால் ஏலாது. ஆகவே நான் சொல்லாமல் கதிரைகளைச் சொல்ல வைத்தேன். வெள்ளி பின்னேரம் எல்லாக் கதிரைகளையும் இழுத்து விறாந்தையில் போட்டுவிட்டேன்.

மனோ மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “பெரியாக்களை வெளியில இருத்தப்போறீரோ? நல்ல துணிவு, பிள்ளை.”

அடுத்த நாள் ரவி அண்ணாவுக்கு ஒரே சந்தோசம். கடற்காற்றில் இன்னும் நல்லாக நித்திரை வந்தது. மற்றவர்கள் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார்கள். எனக்கு வெற்றி என்று தோன்றத் தொடங்கிய நேரம், யன்னலின் கண்ணாடிச் சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சரியத் தொடங்கின. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கண் வந்தது. பிறகு விரல்கள் வந்தன. பிறகு குரல்கள்: நிமிர்ந்து இரு, மூக்கைத் துடை, மிஸ்ஸைப் பார்.

மிஸ்ஸைப் பார் என்று யன்னலில் இருந்து சொன்னால் பிள்ளை எங்கே பார்க்கும்? யன்னலைப் பார்க்கும். எனக்கு எதிரே முதுகுகள் மட்டும் இருந்தன. ஒரு சின்னவள் கம்பிக்கு அப்பால் நிற்கும் தாயைக் கண்டு அழத் தொடங்க, அது காய்ச்சல்மாதிரிப் பரவிவிட்டது. பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தாளை மடித்து வைத்துவிட்டு மனோ மிஸ்ஸைப் பார்த்தார். மனோ மிஸ் என்னைப் பார்த்தார்.

கதிரைகள் உள்ளே வந்தன.

நண்டுக்கு ஒரு தொப்பி

அடுத்த யோசனை வந்தபோது, நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். பெரியவர்களுக்குக் கதை முன்னாலேயே தெரிந்தால் பதற்றம் இருக்காது. பதற்றம் இல்லாவிட்டால் வாயும் சும்மா இருக்கும். இப்படி நினைத்து, வரும் சனிக்கிழமைக்கான கதையைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நானே படம் வரைந்து தைத்த சின்னப் புத்தகம். ஒரு நண்டு தன் தலைக்குத் தொப்பி தேடி அலையும். கடைசியில்தான் அதற்குத் தலையே தனியாக இல்லை என்று தெரியவரும்.

குழுவில் எல்லாரும் கைகூப்பிய படம் போட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலைவாரி, சப்பாத்துப் போட்டு வந்திருந்தார்கள். நான் புத்தகத்தைத் திறந்து, “ஒரு ஊரில ஒரு நண்டு,” என்றதுதான் தாமதம், கவின் எழுந்து நின்றான். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன.

“இங்கு கூடியிருக்கும் அனைவருக்கும் என் பணிவான காலை வணக்கம்.”

பிறகு முழுக் கதையும் ஒரே மூச்சில் வந்தது. நண்டு தொப்பி தேடிய இடமெல்லாம் வலது கை உயர்ந்தது. கதிரைப் பக்கம் பார்த்தேன். வசந்தி டீச்சரின் உதடு. சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. என் அம்மாவின் உதடு அப்படியே அங்கே இருந்தது.

அவன் முடிக்க, அடுத்த பிள்ளை எழுந்தது. அதே நண்டு. அதற்கு அடுத்ததும் அதே நண்டு. துவாரகன் மட்டும் எழுந்து நின்று, “நண்டு தொப்பி தேடினது. அப்பா மிச்சம் சொல்லித்தரேல்ல, நித்திரையாப் போட்டார்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பாயில் இருந்தான். அன்று நான் கேட்ட ஒரே கதை அதுதான்.

எங்கள் ஊர்ப் பெற்றோரிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு அதைப் பிள்ளை பாடமாக்காது என்று நினைத்தேனே, என்னை என்ன சொல்வது? ஒரு புத்தகத்தில் ரசிக்க என்ன இருக்கிறது என்று எங்களை யாரும் கேட்டதில்லை. பாடமாக்கியாச்சோ என்றுதான் கேட்டார்கள். அதே கேள்வியோடுதான் அவர்களும் வளர்ந்தார்கள்.

கடைசியாக அம்னாவின் முறை. முறை என்று ஒன்றை நான் வைக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது. சிபானா ராத்தா போனை உயர்த்தினார். அதில் ஒரு ஆணின் முகம் சின்னதாகத் தெரிந்தது, தலையில் வேலைத்தளத்து மஞ்சள் தொப்பி. “சொல்லுங்க மகள்,” என்றார் ராத்தா. “சொல்லுங்க மகள்,” என்றது போன்.

அம்னா சட்டைக் கழுத்தை வாய்க்குள் போட்டாள். பிறகு மெல்லச் சரிந்து மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு ராத்தா கேற் அருகில் நின்றார். கண் கலங்கியிருந்தது. “வீட்ட முழுக்கச் சொன்னாள், தங்கச்சி. ஒரு சொல்லு பிசகாமச் சொன்னாள்.”

அவர் சொன்னதிலிருந்து விஷயம் இதுதான். அம்னா வீட்டுக்குள் வாய் ஓயாமல் கதைப்பவள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல்லும் இல்லை. முன்பள்ளியில் ஒரு தவணை முழுக்க அவள் குரலை எவரும் கேட்கவில்லை. ஆசிரியை கூப்பிட்டு, அடுத்த வருடம் முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, இப்படியே விட ஏலாது, எங்காவது காட்டுங்கோ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராத்தாவுக்கு நித்திரை இல்லை. நூலகத்தில் கதை சொல்கிறார்களாம், பிள்ளைகள் பதில் சொல்கிறார்களாம் என்று கேள்விப்பட்டுத்தான் கூட்டிவந்தார். கணவர் கட்டாரில் வேலை. சனிக்கிழமை வேலைத்தளத்தில் தேத்தண்ணி நேரம் வந்ததும் வீடியோவில் கூப்பிடுவார்.

“இண்டைக்குக் கதச்சாளா எண்டுதான் முதல் கேள்வி. அதுதான் போனைப் புடிச்சிக்கிட்டே இரிக்கன். எந்த நேரம் வாயத் திறப்பாள் எண்டு தெரியாதே.”

எனக்கு எரிச்சல் தந்த அந்தப் போனை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். அதன் கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருந்தது.

கோதுமைமாப் பசை

இருந்தாலும், முகத்துக்கு நேரே ஒரு போனும், காதுக்குப் பின்னால் ‘சொல்லுங்க’வும் இருக்கும்வரை அந்தப் பிள்ளை வாய் திறக்கப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. ராத்தாவிடம் அதை நேரே சொல்ல வாய் வரவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு அறிவித்தல் எழுதினேன். பெரிய எழுத்தில், கடுமையாக.

கதை நேரத்தில் பெரியவர்கள் கதைக்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. போனைப் பையில் வைக்க வேண்டும்.

மனோ மிஸ் வாசித்துவிட்டுப் பேனையை எடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தார். தயவுசெய்து கதைக்கக் கூடாது என்று வந்தது. தமிழ் உதைக்கிறதே மிஸ் என்றேன். உதைத்தாலும் பரவாயில்லை, ஆட்கள் உதைக்கக் கூடாது என்றார்.

உள்ளே வருமுன்னரே வாசிக்க வேண்டும் என்பதற்காக வெளிச்சுவரில், யன்னலுக்குப் பக்கத்தில் ஒட்ட முடிவெடுத்தேன். உப்புக்காற்றுப் பட்ட சுவரில் ஒட்டுநாடா நிற்காது. தேத்தண்ணி வைக்கும் அடுப்பில் கோதுமைமாவைக் காய்ச்சிப் பசையாக்கி, தாளின் முழு முதுகுக்கும் தடவி ஒட்டினேன். வாசனை நன்றாக இருந்தது. அந்த வாசனையை வேறு யாரும் விரும்பக்கூடும் என்பது என் மூளையில் ஏறவில்லை.

சனிக்கிழமை ஒவ்வொருவராக வந்து அறிவித்தலின் முன் நின்றார்கள். வசந்தி டீச்சர் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். ரவி அண்ணா, “குறட்டைக்குச் சட்டம் இல்லைத்தானே, தங்கச்சி?” என்று கேட்டுவிட்டு, கேற்றைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போனார். சிபானா ராத்தா அம்னாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி முழுவதையும் மகளுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு என்னைப் பாராமல் போனைக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். கட்டாரில் தேத்தண்ணி நேரம் வரும்.

கதையைத் தொடங்கினேன். கதிரைகள் அமைதியாகத்தான் இருந்தன. ஆனால் அது நல்ல அமைதி இல்லை. பரீட்சை மண்டபத்து அமைதி. பெரியவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு, தங்கள் பிள்ளையின் பிடரியைக் கண்ணால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அடிக்கடி பின்னால் திரும்பி, ஏதும் பிழை செய்துவிட்டோமா என்று பார்த்தார்கள். நான் கேட்ட கேள்விகள் பாயில் விழுந்து அப்படியே கிடந்தன.

அப்போது யன்னலில் ஒரு தலை தெரிந்தது. கொம்புள்ள ஆண் மான். மானைக் கண்டு எங்கள் ஊரில் யாரும் எழும்புவதில்லை. அது சுவரை மோந்து பார்த்தது. ஒரு மூலையைப் பல்லால் பிடித்தது. கர்ரென்று ஒரு சத்தம். அறிவித்தலின் மேல்பாதி அதன் வாயில் இருந்தது.

மனோ மிஸ் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். மான் இரண்டடி தள்ளி நின்று எங்களைப் பார்த்தபடி ஆறுதலாக மென்றது. ‘பெரியவர்கள்’ என்ற சொல் உள்ளே போவதை நாங்கள் எல்லாரும் கண்டோம்.

“மிஸ்,” என்றான் துவாரகன், “அது எழுத்தையும் சேத்தோ சாப்பிடுது?”

நான் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாக மூடியது. “ஓம், எழுத்தையும் சேத்துத்தான். இனி அந்த மானுக்கு என்ன நடக்கும்?”

பழக்கத்தில் கதிரைப் பக்கம் பார்த்தேன். வசந்தி டீச்சரின் வாய் திறந்தது. பிறகு மூடியது. அவரிடம் பதில் இல்லை. யாரிடமும் இல்லை. ரவி அண்ணாகூட விழித்துவிட்டார். எல்லாரும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாய் கொஞ்சம் திறந்தபடி, பாயில் இருப்பவர்களைப் போலவே. இத்தனை நாளும் நான் கேட்டிராத ஒரு அமைதி அந்த அறைக்கு வந்தது. விடை தெரியாதவர்களின் அமைதி.

“அது இனிக் கதைக்காது.”

சின்னக் குரல், கொஞ்சம் கரகரத்த குரல். யாருடையது என்று எனக்கு விளங்க ஒரு நொடி பிடித்தது. அம்னா என்னைப் பார்க்கவில்லை. மானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கழுத்து கழுத்திலேயே இருந்தது.

“ஏன்?” என்றேன்.

“கதைக்கக் கூடாதெண்டு எழுதின தாளத்தானே திண்டது. உம்மா வாசிச்ச.” கொஞ்சம் யோசித்தாள். “அதுட வயித்துக்குள்ள இப்ப பெரியாக்கள் எல்லாம் சும்மா இருப்பாங்க.”

பாய் முழுக்கச் சிரித்தது. துவாரகன் அதைப் பிடித்துக்கொண்டான்: அப்படியென்றால் மானின் வயிற்றுக்குள் போனும் பையில் இருக்குமா? கவின், கை உயர்த்தாமல், எழுந்து நிற்காமல், மான் தும்மினால் எழுத்தெல்லாம் வெளியே வரும் என்றான். ஒருவரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வசந்தி டீச்சர் தன் மகனை யாரோ புதுப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நான் சிபானா ராத்தாவைப் பார்த்தேன். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. மற்றக் கை கைப்பையின் சிப் வரை போய், அதன்மேல் அப்படியே நின்றது. இழுக்கவில்லை. அவரால் இழுத்திருக்க முடியும். அந்தச் சின்னச் சத்தம் போதும், அம்னா திரும்பியிருப்பாள்.

பைக்குள் போன் நடுங்கத் தொடங்கியது. துணிக்குள் ஒரு வண்டு மாட்டிக்கொண்டதுபோல. தேத்தண்ணி நேரம். அது நடுங்கி ஓயும்வரை ராத்தா அசையவில்லை. மகள் மானைப் பற்றி இன்னும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேற்றுக்கு வெளியே நின்றுதான் அவர் கணவரைத் திருப்பிக் கூப்பிட்டார். நான் கேற்றைச் சாத்தும் சாட்டில் பக்கத்தில் நின்றேன்.

“கதச்சாள்,” என்றார். “ஓம். எல்லாருக்கும் முன்னால.”

போன் எதையோ அவசரமாகக் கேட்டது.

“வீடியோ இல்ல.” மகளின் தலையைத் தடவினார். “நான் கேட்டன். நீங்க வந்து கேக்கலாம், இன்ஷா அல்லாஹ். இனியும் கதைப்பாள்.”

போனை அம்னாவின் பக்கம் திருப்பினார். அவள் வாப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சட்டைக் கழுத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டாள். இந்த முறை ராத்தா ‘சொல்லுங்க’ என்று சொல்லவில்லை.

பிழையான விடை

இவ்வளவுக்கும் காரணம் என்ன என்று மனோ மிஸ்ஸோடு அன்று முழுக்க விவாதித்தேன். அவர் மான்தான் காரணம் என்கிறார். வாராவாரம் மானுக்கு எங்கே போவது? பெரியவர்களுக்கு விடை தெரியாமல் போனதுதான் காரணம் என்பது என் கட்சி. விடை தெரிந்த வாய்தான் முந்துகிறது. தெரியாத வாய் திறந்தபடி காத்திருக்கிறது. என் கட்சி சரியோ பிழையோ, பரிசோதித்துப் பார்க்கலாமே?

அதற்குள் வசந்தி டீச்சரிடமிருந்து குழுவில் ஒரு செய்தி: அந்த மானுக்குக் கடைசியில் என்ன நடந்தது, முடிவைப் போடுங்கோ மிஸ். எனக்குத் தெரியாது டீச்சர் என்று எழுதினேன். உண்மையாகவே தெரியாது. தெரிந்தாலும் போடமாட்டேன். கவின் அதைப் பாடமாக்கிவிடுவான்.

புது அறிவித்தலில் ‘கூடாது’ என்ற சொல் இல்லை. கதிரைகளை வாய்மூட வைப்பதைக் கைவிட்டுவிட்டேன். அவர்கள் கதைக்கலாம், பதிலும் சொல்லலாம், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும். ஒரே ஒரு நிபந்தனை: பெரியவர்கள் பிழையான விடை மட்டும்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் திருத்துவார்கள்.

கிழமை நடுவில் புத்தகம் மாற்ற வந்தவர்களிடம் இதைக் கேற்றடியில் வைத்துச் சொன்னபோது வசந்தி டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. “எல்லாருக்கும் முன்னால நான் பிழையாச் சொல்லுறதோ? நான் ஒரு டீச்சர், பிள்ளை.”

“எனக்கு அதுக்குப் பயிற்சியே வேண்டாம்,” என்றார் ரவி அண்ணா.

சிபானா ராத்தா அம்னாவின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். நேற்று நூலகத்துக்கு முன்னால் மகளோடு நடந்துபோனவரை யன்னலால் கண்டேன். மான் ஒன்று மதிலோரம் நின்றது. ராத்தா அதைக் காட்டி, எத்தனை கால் என்று கேட்டார். அம்னா சட்டைக் கழுத்தை வாய்க்குள் போட்டாள். ராத்தா சுற்றுமுற்றும் பார்த்தார், தெருவில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு களவு செய்பவர்போல, “ஆறு கால்,” என்றார்.

அம்னா நடையை நிறுத்திவிட்டுத் தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்தச் சின்னக் குரலில் என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. நீண்ட நேரம் சொன்னாள். கையையும் ஆட்டினாள்.

சனிக்கிழமைக்கான முதல் கேள்வியை எழுதி வைத்துவிட்டேன்: மானுக்கு எத்தனை கால்? பசையும் காய்ச்சியாயிற்று. கோதுமைமாப் பசைதான். புது அறிவித்தலையும் வெளிச்சுவரில்தான் ஒட்டப்போகிறேன்.